தலைவர் ஆறுதல் சொல்லப் போனார்

மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது பிளம்பர் ஒரு பல் டாக்டர் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், மிச்ச நாட்களில் இப்படிச் சில்லறை வேலை. பெரிய வேலை எதையும் ஒப்புக்கொள்வதில்லை. முடித்துக் கொடுக்க ஆள் இருப்பாரா என்று வீட்டுக்காரர்களுக்கும் சந்தேகம், அவருக்கும் சந்தேகம். நாள் முழுக்க மற்றவர் வீட்டுக் குழாய்களைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பவருக்கு, குடிக்க அனுமதி நாளொன்றுக்கு அரை லிட்டர். இதை வைத்து அவரே ஒரு ஜோக் வைத்திருந்தார். சொல்லிச் சொல்லி அதுவும் வறண்டுவிட்டது.

"கடைசியா எப்ப சாப்ட்டீங்க?" என்றாள் போனில் ஒரு பெண்.

சிறுநீரகம் போன மனிதர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். உறுப்பு மாற்றுப் பிரிவின் ஒருங்கிணைப்பாளரைத் தவிர, முன்பின் தெரியாத ஒருவர் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்பட மாட்டார்.

"காலையில ரெண்டு பிரெட்டு."

"இனிமே எதுவும் சாப்பிடாதீங்க. தண்ணியும் கூடாது. உடனே கிளம்பி வாங்க. உறுதி இல்ல, கூப்பிடுறோம், அவ்வளவுதான். இன்னொருத்தரையும் கூப்பிட்டிருக்கோம். யாருக்கு ஒத்துவருதோ அவங்களுக்கு."

தொட்டியைப் பாதியில் விட்டுவிட்டு அவர் எழுந்தார். பல் டாக்டரின் மனைவி, "அப்ப இது எப்ப முடியும்?" என்று கேட்டாள். "வந்தா முடிச்சுத் தர்றேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு இந்த அழைப்பு ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். டயாலிசிஸுக்கு உடம்பிலிருந்து ரத்தம் வெளியே வந்து திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். இடது கையில் செய்த வழி அடைத்துக்கொண்டது. வலது கையிலும் அப்படியே. கழுத்தில் இரண்டு பக்கமும் குழாய் போட்டுப் பார்த்தாயிற்று. இப்போது தொடையில் போட்டிருந்தார்கள். "இதுவும் அடைச்சா என்ன டாக்டர் பண்றது?" என்று அவர் கேட்டதற்கு, "பார்ப்போம்" என்றார் டாக்டர். டாக்டர்கள் பார்ப்போம் என்று சொன்னால் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள். அடைப்பு எடுப்பதே தொழிலாக இருந்தவருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

மனைவி ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்தாள். அங்கிருந்து நேராக, பெரிய பையோடு வந்து சேர்ந்தாள். மாதக்கணக்கில் தங்க வேண்டியிருக்கும் என்று பக்கெட், மக்கு, போர்வை எல்லாம் எப்போதோ கட்டி வைத்த பை அது. இரண்டு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது. வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்புவதாக நினைத்துக்கொண்டு எறும்புகூட அதற்குள் குடியேறவில்லை.

மருத்துவமனையில் காத்திருப்போர் அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் எல்லாரையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருந்த நீள நடையில் உட்காரவைத்திருந்தார்கள். வரிசையாக இரும்பு நாற்காலிகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் செடி. செடிக்கு இந்தப் பக்கம் உறுப்பு வாங்க வந்தவர்கள், அந்தப் பக்கம் உள்ளே ஆள் கிடப்பவர்கள். கொடுப்பவர் குடும்பமும் வாங்குபவர் குடும்பமும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பது விதி. அன்றைக்கு அந்த விதியைக் காப்பாற்றும் பொறுப்பு செடியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

அழைக்கப்பட்ட இன்னொருவர் ஏற்கெனவே வந்திருந்தார். தலைவர்.

சிறுநீரக நோயாளிகள் நலச் சங்கத்தின் தலைவர். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான். எதிர்த்துப் போட்டியிட யாரும் முன்வரவில்லை, அடுத்த பொதுக்குழுவுக்கு இருப்போமா என்ற தயக்கம் மற்ற எல்லாருக்கும் இருந்தது. ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாவைப் பற்றி ஜனங்களைப் பயமுறுத்தியே சம்பாதித்தவர், ஓய்வுக்குப் பிறகு நம்பிக்கை ஊட்டுவதில் இறங்கிவிட்டார். டயாலிசிஸ் வார்டில் அவர் பேசாத நாள் கிடையாது. ஊசியும் குழாயுமாக நான்கு மணி நேரம் படுக்கையில் கட்டிப்போட்ட சபை வேறெந்தப் பேச்சாளருக்கு வாய்க்கும்? எழுந்து போக முடியாது. தூங்குவதுபோல் பாவனை செய்யலாம். பலர் அதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

"வாங்க தம்பி" என்று தலைவர் எழுந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பையில் பேனா வேறு. "நீங்கதானா? ரொம்ப சந்தோஷம். உங்களுக்குக் கிடைச்சா எனக்குக் கிடைச்ச மாதிரி."

"எனக்கும் அப்படித்தான் தலைவரே."

இரண்டு பேரும் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னார்கள். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் கேட்க இதமாகத்தான் இருந்தது.

தலைவரின் மனைவி நகர்ந்து உட்கார்ந்து பிளம்பரின் மனைவிக்கு இடம் கொடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வீட்டுல பேசுவாரா?"

"அவ்வளவா பேச மாட்டாருங்கக்கா."

"குடுத்து வச்சவ நீ" என்று சொல்லிவிட்டு அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒருங்கிணைப்பாளர் வந்து இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாள். கையில் இரண்டு போன், இரண்டும் மாறி மாறி அடித்தன. கீழே குனிந்து, நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னாள். ஒருவருக்கு மூளைச் சாவு. முதல் சோதனை முடிந்தது. சில மணி நேரம் கழித்து இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். ஒரு சிறுநீரகம் வேறு மருத்துவமனைக்குப் போகிறது, ஒன்று இங்கே.

"அப்ப இன்னும் சாகலையா?" என்றாள் பிளம்பரின் மனைவி.

"இறந்துட்டாரு. உறுதி பண்ணணும்."

"இறந்தவரை எதுக்கு மேடம் இன்னொரு தடவை..."

"ஏய், சும்மா இரு" என்றார் பிளம்பர்.

பிறகு காத்திருந்தார்கள். முகம் தெரியாத ஒருவர் அதிகாரபூர்வமாகச் சாவதற்காகக் காத்திருப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சீக்கிரம் ஆகட்டும் என்று நினைக்கவும் முடியவில்லை, ஆகாமல் போகட்டும் என்று நினைக்கவும் முடியவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான் முடிந்தது. பிளம்பர் கூரையில் ஓடிய குழாய் இணைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் கசிவு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தலைவர், தாம் சங்கத்துக்கு வாங்கிக் கொடுத்த சக்கர நாற்காலியின் வரலாற்றை, டெண்டர் விட்டதிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் தாண்டி முடிவு வந்தது. பிளம்பருக்கு ஒத்துப்போகிறது. தலைவருக்கு இல்லை. முன்பு எப்போதோ ஏற்றிய ரத்தத்தால் அவர் உடம்பில் எதிர்ப்பு அதிகமாம், வைத்தாலும் உடனே தள்ளிவிடுமாம்.

தலைவர் முகத்தில் ஒரு நொடிக்கு எதுவுமே இல்லை. பேச்சும் இல்லை, பதவியும் இல்லை, வயதான ஒரு மனிதர் மட்டும் இருந்தார். அடுத்த நொடியே மேடை முகம் திரும்பி வந்துவிட்டது. பிளம்பரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் தம்பி. சங்கத்தின் சார்பாகவும்."

"நீங்க போய்ச் சாப்பிடலாம் சார்" என்றாள் ஒருங்கிணைப்பாளர்.

பிளம்பரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய், முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும் பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு நடையிலேயே உட்கார்ந்திருந்தாள். பையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

"வாங்க, கீழ போய் ஒரு பன்னாவது சாப்பிடலாம்" என்று தலைவரின் மனைவி எழுந்தாள்.

"நீ போ. அங்க ஒருத்தர் தனியா உட்கார்ந்திருக்கார் பாரு. ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிட்டு வரேன்."

தோற்றவனுக்குப் பசி வராது என்பார்கள் சிலர். தலைவருக்குப் பசித்தது. ஆனால் அதைவிட, யாராவது தம் பேச்சைக் கேட்க வேண்டும் என்ற பசி பெரிதாக இருந்தது. பிளாஸ்டிக் செடியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், லாரி டிரைவருக்குரிய காக்கிச் சட்டையில் குனிந்து உட்கார்ந்திருந்த மனிதருக்கு அருகில் உட்கார்ந்தார்.

"யாரு உள்ள?"

"மகன் சார்."

"என்ன ஆச்சு?"

"பைக்ல போனான். தலையில அடி." தரையைப் பார்த்துக்கொண்டே, "முடிஞ்சுதுன்னு சொல்றாங்க."

தலைவர் கையை உயர்த்தினார். டயாலிசிஸ் வார்டில் அந்தக் கை உயர்ந்தால் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். இந்த மனிதருக்கு அந்த அனுபவம் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர் சொல்றது டாக்டரோட. எனக்கு ஆறு மாசம்னு சொன்னாங்க. ஒம்போது வருஷம் ஆச்சு. உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கேன். எப்படி? நம்பிக்கை. மூச்சு இருக்கா பையனுக்கு?"

"மெஷின்ல விடுறான் சார்."

"நெஞ்சு அடிக்குதா?"

"அடிக்குது. கை வச்சுப் பார்த்தேன். உடம்பு சூடாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

செடிக்கு இந்தப் பக்கம் பிளம்பரின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். லாரி டிரைவர் யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தலைவருக்குப் புரியவில்லை. பேசுகிறவர்களுக்கு எதிரில் இருப்பவர் யார் என்று கேட்கும் பழக்கம் இருப்பதில்லை.

"நான் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் சார், காலையில..."

"கையெழுத்தெல்லாம் ஆயிரம் வாங்குவாங்க. அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். பெத்தவர் நீங்க கைவிடலாமா? கடைசி நிமிஷம் வரைக்கும் விடாதீங்க. விட்டுட்டு, பின்னால வாழ்நாள் பூரா ஐயோ விட்டோமேன்னு உட்கார்ந்திருக்கக் கூடாது பாருங்க."

அவள் எழுந்து போயிருக்க வேண்டும். போய் என்ன சொல்வது? இவருக்கு நம்பிக்கை கொடுக்காதீர்கள் என்றா? பெற்ற தகப்பனுக்கு முன்னால் நின்று சொல்லக்கூடிய வாக்கியமாக அதை மாற்ற அவள் பலமுறை முயன்றாள். எப்படி மாற்றினாலும் அது, உங்கள் மகன் எங்களுக்கு வேண்டும் என்றே முடிந்தது.

தலைவர் அந்த மனிதரின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தார். அவருக்குத் தெம்பு வந்திருந்தது. நிமிர்ந்த நடையோடு பன் சாப்பிடப் போனார்.

கொஞ்ச நேரத்தில் லாரி டிரைவர் எழுந்து உள்ளே போனார். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து ஒருங்கிணைப்பாளர் வெளியே வந்தாள். இரண்டு போனும் அடித்தன, இரண்டையும் எடுக்கவில்லை. நேராகப் பிளம்பர் இருந்த அறைக்குள் போனாள். மனைவியும் பின்னாலேயே போனாள்.

"ஒரு சின்னப் பிரச்சினை. அப்பா வேண்டாம்னு சொல்றார். நெஞ்சு அடிக்கும்போது அறுக்க விட மாட்டேங்கிறார். காலையில தெளிவா இருந்தாரு. டாக்டர் பேசிட்டிருக்காரு. யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க, யாருன்னு தெரியல." அவள் போய்விட்டாள்.

மனைவி சொன்னாள், யாரென்று.

பிளம்பர் முதலில் நம்பவில்லை. "தலைவரா?" என்றார். பிறகு சிரித்தார். தொடையில் குழாய் இழுத்துப்பிடிக்கும் வரை சிரித்துவிட்டு, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒம்போது வருஷமா அந்த மனுஷன் பேச்சை யாருமே கேட்டதில்ல. இன்னைக்குன்னு பார்த்து ஒருத்தர் கேட்டிருக்கார்."

அவள் சிரிக்கவில்லை.

"நீ போய்ச் சொல்லு" என்றார் அவர்.

"என்னன்னு?"

"உள்ளதைச் சொல்லு. செத்துட்டான்னு."

"நீங்க போய்ச் சொல்லுங்களேன்."

"இந்த டிரஸ்ல போனா யாருன்னு தெரிஞ்சுடும். பின்னாடி வேற திறந்து கெடக்கு." பிறகு குரலை இறக்கி, "போயேன். ஒரு தடவை. எனக்காக" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் அவளிடம் எனக்காக என்று எதையும் கேட்டதில்லை. குடிக்கத் தண்ணீர்கூட.

அவள் போனாள். லாரி டிரைவர் பழையபடி வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உங்க மகன் செத்துட்டாருங்க என்ற வாக்கியம் நாக்கு நுனியில் முழுதாக இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். சவரம் செய்யாத முகம், கண்ணுக்குக் கீழே கருப்பு.

"சாப்ட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். புருஷன் பட்டினியாக இருக்கும்போது எதிரில் பிரிக்கக் கூடாது என்று அவள் பைக்குள் ஒளித்து வைத்திருந்த பிஸ்கெட் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் மறுக்காமல் வாங்கி, ஒவ்வொன்றாக, சத்தமே வராமல் தின்றார்.

"அவனும் சாப்பிடாமத்தாம்மா கிளம்பினான். அவசரம்னு" என்றார். "உங்க ஆளு யாரு உள்ள?"

"வீட்டுக்காரர்."

"பொழைச்சுக்குவாரு. நம்பிக்கையா இரும்மா."

அவள் திரும்பி வந்தபோது பிளம்பர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சொன்னியா?"

"சாப்ட்டீங்களான்னு கேட்டேன்."

திட்டப் போகிறார் என்று அவள் நினைத்தாள். "சாப்ட்டாராமா?" என்று கேட்டார்.

"பிஸ்கெட் குடுத்தேன்."

"சரி."

இருட்டுவதற்கு முன்பே ஒருங்கிணைப்பாளர் வந்து, கட்டாயப்படுத்த முடியாது, அது அவர் உரிமை என்றாள். மன்னிப்பும் கேட்டாள். அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், அடுத்த அழைப்பு வரும்போது முதலில் அவர்தான் என்றாள். அடுத்தது எப்போது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்ல முயலவில்லை. அந்த வகையில் அவள் நல்ல பெண்.

இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். செய்ய வேண்டிய அவசியமில்லை. செய்தாள். பையனின் இதயம் அன்று காலை தானாக நின்றுவிட்டதாம்.

"அதுக்கப்புறம் அப்பா என்னைத் தேடி வந்தார். இப்ப எடுத்துக்கோங்கன்னு சொன்னார். இப்ப முடியாதுங்க, நெஞ்சு நின்னப்புறம் அது பயன்படாதுன்னு சொன்னேன். அவருக்குப் புரியல. அன்னைக்கு உயிரோட இருக்கும்போது கேட்டீங்க, இப்ப செத்தப்புறம் வேணாம்கிறீங்களேன்னு கேட்டுட்டே இருந்தார். என்னால பதில் சொல்ல முடியல சார்."

பிளம்பர், "நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்" என்றார்.

விசாரித்ததில் பேசியவர் யார் என்பது வெளியே வந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் தலைவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாலு வார்த்தை சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அடுத்த டயாலிசிஸ் நாளில் தலைவர் வந்தார், பக்கத்துப் படுக்கையில் படுத்தார், கையை நீட்டினார், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சட்டை கசங்கியிருந்தது.

வார்டில் அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. முதல் அரை மணி நேரம் எல்லாரும் அதை அனுபவித்தார்கள். வெகுநாள் கழித்து உண்மையாகவே தூங்கலாம் என்று கண்ணை மூடினார்கள். தூக்கம் வரவில்லை. எந்திரங்களின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ரத்தம் போய்த் திரும்புகிற சத்தம், பக்கத்தில் ஒருவர் எச்சில் விழுங்குகிற சத்தம். இத்தனை வருஷமாக அந்தப் பேச்சு எதை மூடி வைத்திருந்தது என்று ஒவ்வொருவருக்கும் தெரிய வந்தது. இரண்டு பேர் புரண்டு படுத்தார்கள். ஒருவர் நர்ஸைக் கூப்பிட்டு மணி கேட்டார்.

பிளம்பரின் எந்திரம், ரத்தம் சரியாக வரவில்லை என்று கூவியது. டெக்னீஷியன் வந்து தொடைக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலை நீட்டுங்க" என்றான். நீட்டினார். கூவல் நின்றது.

"தலைவரே" என்றார் பிளம்பர்.

"ம்."

"ஏதாவது பேசுங்க."

"என்ன பேசறது தம்பி."

"வழக்கமா பேசுறதுதான். நேரம் போகணும்ல."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார். வார்டில் எல்லாரும் காத்திருந்தார்கள், கண்ணைத் திறந்துகொண்டே. அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு, மேடையில் ஒருபோதும் கேட்டிராத சின்னக் குரலில், "நான் அவர்கிட்ட நல்லதுதான் சொன்னேன்" என்றார்.

"தெரியும்."

"யாருன்னு தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

பிளம்பர் அதை யோசித்துப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "வேற என்ன சொல்லியிருப்பீங்க?"

தலைவர் பதில் தேடினார். சுவரில் தேடினார், கூரையில் தேடினார். எந்திரம் மறுபடியும் கூவியது. டெக்னீஷியன் வந்தான். குழாயைத் தட்டினான், காலை மடக்கச் சொன்னான், நீட்டச் சொன்னான், ஒருக்களிக்கச் சொன்னான். எதற்கும் அது நிற்கவில்லை. கடைசியில் ரத்தம் ஓடும் வேகத்தைக் குறைத்தான். மறுபடி குறைத்தான். அதற்கு மேல் குறைக்க இடமில்லாத இடத்தில் அது அமைதியானது.

"இன்னைக்கு இவ்வளவுதான் வரும்" என்று அவன் எந்திரத்திடம் சொன்னான். பிறகு டாக்டரைக் கூப்பிடப் போனான்.